பதிமூன்று என்று திருத்தினேன்

1959-ஆம் ஆண்டு. சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மிளகாய் அரைக்கிற மில்லுக்கு மாடியில் இருந்த ஒரு தட்டச்சுக் கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த மாடியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணால் கூடப் பார்த்திராத ஓர் இங்கிலாந்துக் கிராமத்தில் இருந்த ஒரு வயதான தாய்க்கு நான் செய்துவிட்ட காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ரொம்ப நல்ல வேலை செய்வதாக நினைத்துக்கொண்டுதான் செய்தேன்.

குவீன்ஸ்டவுனில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிக் கடைக்கு வருவேன். கடையில் முதலாளி, நான், ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின், அவ்வளவுதான். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். விண்ணப்பம், வக்கீல் நோட்டீஸ், சங்கங்களின் ஆண்டறிக்கை, எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். நிறையப் பிரதி வேண்டுமென்றால் மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் அடித்து, மெஷினில் மாட்டிச் சுற்றுவோம்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தலைக்கனம் உண்டு. வேகமாக அடிக்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். நான் பிழையில்லாமல் அடிப்பேன். அதோடு நிற்காமல், கொண்டுவந்தவர் எழுதியதிலேயே பிழை கண்டுபிடிப்பேன். ஒருமுறை ஒரு வக்கீல் குமாஸ்தா கொண்டுவந்த பத்திரத்தில் தேதி மாறியிருந்ததை எடுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்கட பிள்ளையிட்டக் குடுத்தாப் பிழை தன்ர பாட்டில ஓடிப் போயிடும்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேட்கக் கேட்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் மாடியேறி வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கீழே மில் ஓடிக்கொண்டிருந்ததால் வந்ததும் வராததுமாகப் பத்துத் தும்மல். வாயைத் திறக்க முடியவில்லை பாவம். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அவருடைய கணவர் கடற்படைத் தளத்தில் இஞ்சினியர். வீடு சிராங்கூன் கார்டன்ஸில். அந்தக் காலத்தில் அங்கே வெள்ளைக்காரக் குடும்பங்கள் நிறைய இருந்தன.

அவர் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்தார். நீல மையில், சாய்வான மெல்லிய கையெழுத்து. ஊரில் இருக்கிற தன் தாயார் எழுதியது என்றார். அவர்கள் கிராமத்தின் சரித்திரம். அந்தத் தாயார் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். அடுத்த கோடையில் அங்குள்ள தேவாலயத்தில் ஒரு விழா. அதற்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நாற்பது பிரதிகள் வேண்டும். தாயாருக்கு நெஞ்சு பலவீனம், அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மகள், நானே இங்கே அடித்து அனுப்புகிறேன் என்று பொறுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். இப்படித்தான் அந்தக் கிராமம் எங்கள் மிளகாய் மில் மாடிக்கு வந்து சேர்ந்தது.

வாரத்தில் இரண்டு நாள் அந்த அம்மாள் வருவார். நான் அடித்த பக்கங்களைப் படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த பகுதியைக் கொடுத்துவிட்டுப் போவார்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மொத்தக் கிராமத்து ஆட்களையும் கூட்டினால் எங்கள் பிளாக்கில் பாதிகூட நிரம்பாது. இதற்கு ஒரு சரித்திரமா என்று நினைத்தேன். ஆனால் அடிக்க அடிக்க என்னை அறியாமல் அதற்குள் போய்விட்டேன். தேவாலயத்துக் கோபுரத்தின் உச்சி என்றோ இடி விழுந்து போய்விட்டதாம். திரும்பக் கட்ட யாரும் முன்வராததால் மொட்டையாகவே நின்றதாம். ஆற்றின் மேல் ஒரு கல் பாலம். ஒரு வண்டி மட்டும் போகலாம். வண்டி வந்தால் நடந்து போகிறவர்கள் ஒதுங்கி நிற்கப் பாலத்துச் சுவரிலேயே சின்ன மாடம் விட்டிருந்தார்கள். சாராயக்கடைச் சுவரில் ஒரு கோடு. பெரிய வெள்ளம் வந்தபோது தண்ணீர் நின்ற மட்டம் அது. தேவாலயம் கட்டுவதற்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்த ஒரு மரம். ஊர்க் குளத்தை ஒரு பணக்காரர் வேலி போட்டு அடைக்கப் பார்த்தபோது, பெண்களெல்லாம் துணி துவைக்கும் கட்டையோடு போய் நின்ற கதையும் இருந்தது. அதை அடித்த அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "எங்க போனாலும் பொம்பளைங்கதான் போய் நிக்கணும் போல" என்றார் அம்மா.

பாலம் பற்றிய பகுதியில் ஓர் இடத்தில் ஒரு வருடமும் இன்னோர் இடத்தில் வேறு வருடமும் எழுதியிருந்தது. சும்மா விடுவேனா? காட்டினேன். அந்த அம்மாள் அசந்துபோனார். தாயாருக்கு எழுதிக் கேட்டு, முதலில் இருந்ததுதான் சரி என்று வந்து சொன்னார். "உங்கள் கண் கூர்மையான கண். இந்த மாதிரி எது இருந்தாலும் திருத்திவிடுங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது.

கடைசிப் பகுதி, ஊர் நடுவில் இருந்த கல்தூணைப் பற்றியது. இரண்டு உலகப் போர்களிலும் செத்துப்போன அந்த ஊர் ஆண்களின் பெயர்களை அதில் வெட்டியிருக்கிறார்கள். தாயார் அந்தப் பெயர்களைத் தூணில் உள்ள வரிசைப்படியே எழுதியிருந்தார். எது முதல் போர், எது இரண்டாவது போர் என்று பிரித்துக் காட்டவில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா என்று விட்டிருப்பார். ஒரு தாளின் கடைசி வரியில் ஒரு பெயர். தாளைத் திருப்பினால் அடுத்த தாளின் முதல் வரியில் அதே பெயர். எழுத்துக்கு எழுத்து அதேதான். கீழே, "ஆகப் பதினான்கு பெயர்கள்" என்று முடித்திருந்தார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். வயதானவர். தாள் மாற்றும்போது கடைசி வரியை மறந்துபோய் மறுபடி எழுதியிருக்கிறார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. எப்படி வரும்? நம் வீடுகளில் அப்பா பெயரைப் பிள்ளைக்கு அப்படியே வைக்கிற வழக்கம் ஏது? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். அப்பா பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். கட்டிய புருஷன் பெயரை வாயால் சொல்லவே கூசுகிற காலம் அது. என் அத்தை, மகனுக்கு மாமனார் பெயரை வைத்துவிட்ட பாவத்துக்கு, அவனைக் கடைசி வரைக்கும் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். பெயரைச் சொல்லித் திட்டக்கூட முடியாது.

ஆக, இரண்டாவது பெயரை எடுத்துவிட்டேன். எடுத்ததும் எண்ணிப் பார்த்தேன். பதிமூன்று. உடனே "பதினான்கு" என்பதையும் "பதிமூன்று" என்று திருத்தினேன். அந்தத் திருத்தம்தான் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. வேறு யாராவது இருந்தால் பெயரை எடுத்துவிட்டு எண்ணிக்கையைக் கோட்டை விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அம்மாளின் கணவருக்குக் காய்ச்சல். கடைசிப் பக்கத்தைப் பார்க்க அம்மாளால் வர முடியவில்லை. முதல் பிரதியை மட்டும் விமானத் தபாலில் நேராகத் தாயாருக்கு அனுப்பிவிடுங்கள், அவர் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார், மீதியை நான் வந்து பார்த்துக் கப்பலில் அனுப்புகிறேன் என்று ஆளிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினார். "உங்கள் கண்ணை நம்புகிறேன்" என்று அதில் எழுதியிருந்தார். நானே நடந்துபோய்த் தபாலில் சேர்த்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் வந்தார். தும்மவில்லை. உட்காரவும் இல்லை. கையில் ஒரு கடிதம். கடைசிப் பக்கத்தின் கையெழுத்துப் பிரதியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இங்கே ஒரு பெயர் இருக்கிறதே, புத்தகத்தில் ஏன் இல்லை?" என்று கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "அதுவா மேடம், உங்கள் அம்மா ஒரே பெயரை மறதியாக இரண்டு முறை எழுதியிருந்தார். நான்தான் எடுத்துவிட்டு எண்ணிக்கையையும் சரி செய்தேன்." பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"முதல் பெயர் என் அப்பா. இரண்டாவது என் அண்ணன்" என்றார் அவர்.

அவர்கள் வழக்கத்தில் மூத்த பிள்ளைக்கு அப்பா பெயரையே வைப்பது உண்டாம். அப்பா முதல் போரில் செத்தபோது அண்ணன் நான்கு வயதுக் குழந்தை. அந்த அண்ணன் வளர்ந்து, பட்டாளத்தில் சேர்ந்து, சண்டைக்கு என்று வந்து இறங்கிய இடம் நம் சிங்கப்பூர். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த வாரத்தில் காணாமல் போனவன்தான். உடல் கிடைக்கவில்லை. கிராஞ்சி மயானத்தில், உடல் கிடைக்காதவர்களின் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது. கணவருக்கு இந்த ஊரில் வேலை என்றதும் இந்த அம்மாள் சரி என்று கிளம்பி வந்ததே அண்ணனுக்காகத்தான். "போகிற இடத்தில் அவனைப் பற்றி விசாரி" என்று தாயார் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவரும் போகாத ஆபீஸ் இல்லை, கேட்காத ஆள் இல்லை.

அந்தத் தாய்க்குத்தான் சிங்கப்பூரிலிருந்து என் புத்தகம் போயிருக்கிறது. செத்தவர்கள் பட்டியலில் மகன் பெயர் இல்லை. தற்செயலாக விட்டுப்போயிற்று என்றுகூட நினைக்க வழியில்லை. பதிமூன்று என்று எண்ணிக்கையையும் வேலை மெனக்கெட்டு மாற்றியிருக்கிறதே.

கடிதத்தை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். நாலே வரிதான். "என்னிடம் மறைக்க வேண்டாம், பதிமூன்று என்று நீ போட்டிருப்பதைப் பார்த்துவிட்டேன். என் நெஞ்சு தாங்காது என்றுதான் இப்படி நாசூக்காகச் சொல்கிறாய் என்று புரிகிறது. அவன் எங்கே இருக்கிறான், கப்பல் பயணம் தாங்குவானா? அவன் அறையைத் திறந்து காற்றாட விட்டிருக்கிறேன்."

உள்ளே இருந்த முதலாளி எழுந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அந்தத் தாயிடம் உண்மையை எப்படிச் சொல்வது? கடிதம் எழுதினால் போய்ச் சேர ஐந்தாறு நாள் ஆகும். அத்தனை நாளும் அவர் மகனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தந்தி கொடுத்தால் சீக்கிரம் போகும். ஆனால் அந்த வீட்டுக்கு அதற்கு முன் வந்த இரண்டு தந்திகளும் புருஷனையும் மகனையும் பற்றிய கெட்ட செய்திகள். பலவீனமான நெஞ்சு வேறு. கடைசியில் முதலாளிதான் கேட்டார், அந்த ஊரில் பாதிரியார் இருப்பாரே, அவருக்குத் தந்தி கொடுத்தால் என்ன, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவாரே என்று. அம்மாள் தலையாட்டினார். பேனாவை எடுத்தார், திரும்ப வைத்துவிட்டார். எழுத முடியவில்லை. நான் மெஷினில் தாளைச் செருகினேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பெயர் விடுபட்டது எங்கள் பிழை. அவன் கிடைக்கவில்லை. தயவுசெய்து நேரில் போய்ச் சொல்லுங்கள். அவ்வளவுதான் செய்தி. ஒரு பெயரை எடுத்த அதே விரல்களால் அந்தத் தாயின் மகனை இரண்டாவது முறையாக நானே கொன்றேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அழுதேன். போகட்டும் விடு, தெரியாமல் நடந்ததுதானே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"உன் மாமனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போட இழுத்துக்கிட்டுப் போயி பதினாறு வருஷம் ஆச்சு. செத்துட்டான்னு இன்னிக்கு வரைக்கும் எவனாச்சும் எழுதிக் குடுத்தானா? எந்தக் கல்லுல அவன் பேரு இருக்கு? இன்னிக்கும் பஸ்ஸுல எவனாச்சும் அவன் சாயல்ல ஏறுனா எறங்குற வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். பிறகு மறுபடி மீனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அம்மா அதை எனக்குச் சொன்னதே இல்லை. அத்தனை வருடம் கூடவே இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அந்தக் கடைசிப் பக்கத்துக்குப் புது ஸ்டென்சில் அடித்தேன். மீதிப் பிரதிகளின் ஸ்டேப்ளர் பின்னைப் பிரித்து, பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். ஒவ்வொரு பிரதியிலும் அந்த இரண்டு பெயர்களையும் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் பின் அடித்தேன். தாயாரிடம் இருக்கும் பிரதிக்காக ஒரு தனிப் பக்கமும் வைத்தேன். கடை சார்பாக மன்னிப்புக் கடிதம் தான் எழுதுவதாக முதலாளி சொன்னார். "பிள்ளை, இது கடையின்ர பிழை. நான் கையெழுத்து வைக்கிறன். நீர் பேசாம இரும்" என்றார். நல்ல மனுஷன். நான்தான் கேட்கவில்லை. டைப் அடிக்காமல் கையாலேயே எழுதினேன். எங்கள் வீடுகளில் அப்பா பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில்லை, அதனால் அப்படி நினைத்துவிட்டேன், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்காதது என் திமிர் என்று எழுதினேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இதற்கிடையில் அந்த அம்மாள் ஒருமுறை வந்து, தாயார் படுக்கையில் விழுந்து எழுந்துவிட்டார், இப்போது நடமாடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பிறகு ஒருநாள் என் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. அதே நீல மை, அதே சாய்வான கையெழுத்து. அத்தனை பக்கம் பார்த்துப் பழகிய எழுத்து, ஆனால் முதல் முறையாக என்னோடு பேசியது. மேஜைக்குப் போகக்கூடப் பொறுமையில்லாமல் படிக்கட்டிலேயே நின்று பிரித்தேன்.

முதல் இரண்டு நாள் என் மேல் கடும் கோபம் இருந்தது என்று மறைக்காமல் எழுதியிருந்தார். பாதிரியார் வந்தபோது மகனின் கம்பளிக் கோட்டை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாராம். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். உங்கள் வழக்கமே நல்ல வழக்கம் என்றும் எழுதியிருந்தார். புருஷன் சாகும் வரைக்கும் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம்.

கடைசியில் இப்படி முடித்திருந்தார். "புதிய பக்கம் வந்து சேர்ந்தது. என் பிரதியிலும் அதை மாற்றிவிடலாம் என்று பாதிரியார் கேட்டார். நான் தரவில்லை. ஊரில் எல்லோருக்கும் பதினான்கு என்றே இருக்கட்டும், அதுதான் உண்மை. என் அலமாரியில் உள்ளதில் மட்டும் பதிமூன்றாகவே இருக்கட்டும். அதை யாரும் திருத்த வேண்டாம்."

அதற்குப் பிறகு வருடக்கணக்காக எத்தனையோ பேர் எழுதியதை அடித்துக் கொடுத்திருக்கிறேன்; சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் கேட்பேனே தவிர, யாருடைய பெயரிலும் கை வைத்ததில்லை. அந்தத் தாய் என்னை மன்னித்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நான் செய்த பிழையைப் பிழை என்று தெரிந்துகொண்டே, மகன் சாகாமல் இருக்கிற இடம் அது ஒன்றுதான் மிச்சம் என்பதுபோல் அவர் வைத்துக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம், அதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் என் மனது அடித்துக்கொள்கிறது.